வீணாகக் கிடக்கும் ஒன்பது அடி

அந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் வரலாறு யாருக்காவது வேண்டுமென்றால், வாசலில் மாட்டியிருக்கும் பலகையைப் படித்துப் பிரயோசனமில்லை. வண்டிகள் வந்த தேதியும், வந்து கைதட்டிவிட்டுப் போன பெரிய மனிதர்களின் பதவியும்தான் அதில் இருக்கும். பின்பக்கச் சந்துக்குப் போய், கடைசி அறையின் ஜன்னலைத் தட்டி, தையலம்மாவைக் கேட்க வேண்டும். எந்த வண்டி எந்த வருஷம் வந்தது, எந்தச் சுவரை இடித்துக்கொண்டு வந்தது, அன்றைக்கு அடுப்பில் என்ன கொதித்துக்கொண்டிருந்தது எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இருக்காதா பின்னே? ஒவ்வொரு வண்டிக்கும் ஒதுங்கி இடம் விட்டவள் அவள்தானே.

கட்டடம் ஒரு ரயில்பெட்டி மாதிரி நீளம். ஒரே கூரை, முப்பத்தாறு அடி. ரோட்டுப் பக்கம் வண்டி நிற்கும் கொட்டகை பன்னிரண்டு அடி. அதன் பின்சுவருக்கு அப்பால் டிரைவர் குடும்பத்துக்கான வீடு: முன்னறை எட்டடி, சமையலறை ஏழடி, ஜன்னல் வைத்த பின்னறை ஒன்பதடி. டிரைவரைக் கல்யாணம் பண்ணி வந்த முதல் வாரமே தையலம்மா இதையெல்லாம் இஞ்ச் டேப்பால் அளந்துவிட்டாள். அளக்காத எதன்மீதும் அவளுக்கு நம்பிக்கை வராது. புருஷனைக்கூட ஒரு சட்டைக்கு அளவெடுத்த பிறகுதான் முழுசாக நம்பினாள்.

அப்போது இருந்தது பதினோரு அடி வண்டி. கொட்டகைக்குள் அடக்கமாக நிற்கும். காலையில் ஒரு தடவை இருமும், அவ்வளவுதான். வீட்டுப் பக்கம் தலைகாட்டாது. தையலம்மா அதற்குக் கொழுந்தனார் என்று பெயர் வைத்தாள். டிரைவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை.

டிரைவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆள் தங்கம். ஊரில் அவருக்கு இருந்த பேரே வேறு: "எத்தனை பேரு". எங்கே தீப்பிடித்தாலும் வண்டியை விட்டுக் குதித்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "உள்ள எத்தனை பேரு?" என்பதுதான். பதில் வராமல் குழாயைத் திறக்க விடமாட்டார். ஒருமுறை ஒரு வீட்டுக்காரர், "நாங்க நாலு பேரும் வெளிய வந்துட்டோம், சீக்கிரம் அடிங்க" என்று கத்தினார். டிரைவர் விடவில்லை. "நாலு பேருன்னா மனுஷங்க. வேற?" என்றார். கிளி ஒன்று இருப்பது அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. டிரைவர் ஏணி வைத்து ஏறிக் கூண்டோடு இறக்கிவந்தார். கிளி நன்றி சொல்லவில்லை, கெட்ட வார்த்தை சொன்னது. இருந்தாலும் ஊர் அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது.

மகள் பிறந்த வருஷம் இரண்டாவது வண்டி வந்தது. பத்தொன்பது அடி. கொட்டகையின் பின்சுவரை இடித்தார்கள், வண்டி பின்பக்கமாகவே நகர்ந்து முன்னறைக்குள் வந்து உட்கார்ந்தது. நாற்காலிகளெல்லாம் சமையலறைக்குப் போயின. "வந்தா, உக்காந்தா, இனிமே எந்திரிக்க மாட்டா" என்றாள் தையலம்மா. அதற்கு நாத்தனார் என்று பெயர்.

"கடைசி வண்டி இதுதானாம்மா. மேலிடத்துல சொல்லிட்டாங்க" என்றார் டிரைவர்.

மேலிடம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் கழித்து மூன்றாவது வண்டி வந்தது. இருபத்தேழு அடி. சமையலறைச் சுவரும் போனது. வண்டியின் வால் பின்னறைச் சுவரை முத்தமிடுகிற மாதிரி வந்து நின்றது, இடைவெளியில் ஒரு நோட்டுப் புத்தகம் நுழையாது. ஒதுங்கி நடக்கப் பக்கத்தில் ஓர் ஆள் அகலம் இருந்தது. சமையலறைக்குள் வந்து நடுவில் நின்றுகொண்டு, எதையும் செய்யவிடாமல், மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்ததால் அதற்கு மாமியார் என்று பெயர் வைப்பதைத் தவிரத் தையலம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை.

வீட்டில் கூத்து தொடங்கியது அதற்குப் பிறகுதான். வண்டி நிற்கும் இடத்திலிருந்து பத்தடிக்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்பது அந்த வண்டியோடு வந்த துறையின் புது விதி. அடுப்போ வண்டியின் வாலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆகவே வண்டி வெளியே போயிருக்கும்போது மட்டும்தான் தையலம்மா அடுப்பு மூட்டலாம். வண்டி எப்போது வெளியே போகும்? எங்கேயாவது தீப்பிடித்தால். ஊரில் யார் வீட்டிலாவது புகை கிளம்பினால்தான் இவள் வீட்டு அடுப்பில் புகை கிளம்பும்.

மணி அடித்து வண்டி தெருமுனை திரும்பும்போதே தையலம்மா தீக்குச்சியைக் கிழித்துவிடுவாள். நல்ல பெரிய தீயாக இருந்தால் இரண்டு நாளுக்கான சமையல் ஆகும். குப்பைத்தொட்டி என்றால் பால்தான் காயும். அந்த வீட்டுக்காரர்கள் எப்படிப் பதறுகிறார்களோ என்று மனசு அடித்துக்கொள்ளும், கை பாட்டுக்கு வெங்காயம் நறுக்கும். தன்னைவிடப் பாவி உலகத்தில் உண்டா என்று அவள் பலமுறை அழுதிருக்கிறாள். வெங்காயத்தின் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது.

ஒரு வருஷம் தொடர்ந்தாற்போல் பத்தொன்பது நாள் ஊரில் ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. எதிரே இருந்த பேக்கரியில் வாங்கிய ரொட்டிதான் மூன்று வேளையும். பத்தொன்பதாம் நாள் மகள் தட்டைத் தள்ளிவிட்டு, "எப்பம்மா எங்கயாவது பத்திக்கும்?" என்று கேட்டாள். அது எதிர்ப்பக்கம் வரை கேட்டிருக்க வேண்டும். பேக்கரிக்காரர் நல்ல மனுஷர். தன் ரொட்டி விற்காமல் போகும் என்று தெரிந்தும், ஓர் ஓட்டைக் கூடையை நடுரோட்டில் போட்டுக் கொளுத்திவிட்டு, "ஐயோ, தீ, தீ!" என்று குரல் கொடுத்தார். டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு இருபதடி தூரம் போய், கூடையின் முன் நிறுத்தி, "உள்ள எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"கூடைங்க."

"கேக்கணும்ல. மெதுவா அணைக்கிறோம், வீட்டுல பருப்பு வேகணும்."

இன்னொரு தொல்லையும் இருந்தது. வண்டி வெளியே போய்விட்டால் வீட்டுக்கு முன்சுவரே கிடையாது. ரோட்டில் போகிறவர்களுக்குக் கொட்டகை, முன்னறை, சமையலறை எல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரியும், நடுவில் கரண்டியும் கையுமாகத் தையலம்மா. போகிற போக்கில் மூடியைத் திறந்து பார்க்காத குறையாகப் பார்ப்பார்கள். பொறுக்க முடியாமல் அவள், கழித்துப்போட்ட பழைய கான்வாஸ் குழாய்களை நீளவாக்கில் கிழித்து, பிரித்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, கொட்டகை வாசல் அகலத்துக்கு ஒரு திரை போட்டாள். போட்ட அன்றைக்கே வெளியே சலசலப்பு. விலக்கிப் பார்த்தால் முப்பது பேர் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நாடகம் என்று நினைத்துவிட்டார்களாம். ஒன்றுமில்லை, சமையல்தான் என்று அவள் சொன்ன பிறகும் பாதிப் பேர் எழுந்துபோகவில்லை.

இத்தனைக்கும் அவள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் பின்னறை. ஒன்பதே அடி. கட்டில், அலமாரி, மகளின் புத்தகங்கள், சந்துப் பக்கம் திறக்கும் ஒரு கதவு, ஒரு ஜன்னல். அந்த ஜன்னலடியில்தான் அவளுடைய தையல் மெஷின். காலை எட்டு மணி வெளிச்சம் மெஷின் ஊசிமேல் நேராக வந்து விழும். அந்த நேரத்தில் அவள் யாருடைய மனைவியும் இல்லை, எந்த வண்டிக்கும் சொந்தமில்லை. கால் மிதிக்கும், துணி ஓடும், மனசு நிம்மதியாக இருக்கும். உலகத்தில் தனக்கென்று இருப்பது இந்த வெளிச்சம்தான் என்று அவள் நினைத்தாள்.

அப்படி ஒரு காலையில்தான் ஸ்டேஷன் ஆபீசர் ஒரு கடிதத்தோடு சந்துப் பக்கம் வந்தார். ஆபீசருக்குக் கையெழுத்துப் போடுவது ரொம்பப் பிடிக்கும். அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது பிடிக்காது. அன்றைக்கு அதிசயமாகக் கடிதத்தைப் படித்திருந்தார்.

"அம்மா, நல்ல செய்தி! முப்பத்தாறு அடி வண்டி வருது. நம்ம மாவட்டத்துலயே பெருசு."

தையலம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கடிதத்தை வாங்கினாள். "தங்கள் நிலையத்தில் நெடுங்காலமாக வீணாகக் கிடக்கும் ஒன்பது அடி இடமும் இவ்வண்டியின் வருகையால் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வரும் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்றிருந்தது. மூன்று மாதத்தில் வண்டி. அதே நாளில் சுவர் வேலைக்கு ஆட்கள்.

அவள் தன் ஜன்னலைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். மறுபடியும் கடிதத்தைப் பார்த்தாள். வீணாகக் கிடக்கும் ஒன்பது அடி.

"நாலாவதுக்கு என்னம்மா பேரு வைக்கப்போறே?" என்று மகள் கேட்டாள்.

"சக்களத்தி" என்றாள் தையலம்மா.

மத்தியானம் டிரைவர் ரொட்டி சாப்பிட வந்தார். கடிதத்தைத் தட்டில் வைத்தாள்.

"இங்க இடம் வீணா கெடக்குன்னு யாரு சொன்னது அவங்களுக்கு?"

"யாரும் சொல்லல. வருஷா வருஷம் ஒரு படிவம் போகும்ல, அதைப் பாத்திருப்பாங்க."

"அதை யாரு எழுதுறது?"

"ஆபீசருக்கு எழுதப் பிடிக்காதும்மா. அதனால..." என்று டிரைவர் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அலமாரியின் மேல்தட்டில் இருபத்திரண்டு வருஷத்து நகல்கள் இருந்தன. தையலம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கூரையின் கீழ் உள்ள மொத்த நீளம் என்று ஒரு கட்டம். எல்லா வருஷமும் டிரைவரின் குண்டு குண்டான கையெழுத்தில் முப்பத்தாறு அடி. பக்கத்தில் மேலிடத்தின் சிவப்பு மை: "வண்டி பதினோரு அடி, இருபத்தைந்து அடி வீண்." பிறகு, "பதினேழு அடி வீண்." அதற்குப் பிறகு, "இன்னும் ஒன்பது அடி வீண்." மேலிடத்தார் கெட்டவர்களும் இல்லை. காலியாகக் கிடக்கும் கொட்டகையை நிரப்பத்தான் வருஷக்கணக்காகப் பாடுபட்டிருக்கிறார்கள். தன் வீட்டைத் தின்ற இரண்டு வண்டிகளையும், தின்ன வரப்போகும் நாலாவதையும் இந்த மனுஷன்தான் எழுதி வரவழைத்தார் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

"உண்மையைத்தானே எழுதினேன்? கூரை முப்பத்தாறு அடிதானே? உன் டேப்பாலதான் அளந்தேன்" என்றார் டிரைவர். பொய் சொல்லத் தெரியாத ஆளோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

அவள் கோபத்தில் கத்தத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அடுத்த கட்டம் கண்ணில் பட்டது. கூரையின் கீழ் தங்குவோர் எண்ணிக்கை: ஒருவர். முந்தைய வருஷம்: ஒருவர். அதற்கு முந்தைய வருஷம்: ஒருவர். மகள் பிறந்த வருஷத்தைத் தேடி எடுத்தாள். ஒருவர்.

அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இது யாரு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நான்தான். தங்குவோர்னா டியூட்டிக்குத் தங்குறவங்கம்மா. பணியாளரைத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சேன்."

"அப்ப நான் எங்க தங்குறேன்?"

டிரைவர் தட்டிலிருந்த கடிதத்தை எடுத்து மடித்தார்.

"ஊர்ல கிளி எத்தனை, பூனை எத்தனைன்னு எண்ணிட்டுத்தானே குழாயைத் திறக்குறீங்க. கூடைக்கு எத்தனை பேருன்னு கேட்டீங்களே. ஒரு நாளாவது உங்க வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டுப் பாத்தீங்களா?"

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோய், கொட்டகையில் வண்டியின் படியில் உட்கார்ந்துகொண்டார். மாலை வரை அங்கேயே இருந்தார். நல்லவேளையாக எங்கும் தீப்பிடிக்கவில்லை. அன்றைக்குப் பிடித்திருந்தால், உள்ளே எத்தனை பேர் என்று கேட்க அவருக்கு நா எழுந்திருக்காது.

அந்த வருஷத்துப் படிவம் அதே வாரம் போக வேண்டியிருந்தது. டிரைவர் அதைத் தையலம்மாவின் மெஷின்மேல் வைத்து, பேனாவையும் வைத்துவிட்டுப் போனார்.

அவள் எழுதினாள். அவளும் பொய் எழுதவில்லை. "மொத்தம் முப்பத்தாறு அடி. அதில் வண்டிக்குப் பன்னிரண்டு அடி. மீதி இருபத்துநான்கு அடியில் நாங்கள் இருக்கிறோம். இணைப்பைப் பார்க்கவும்." தங்குவோர்: மூவர். இணைப்பு என்பது ஜாக்கெட் வெட்டும் பழுப்புத் தாளில் அவள் போட்ட வரைபடம். துணிக்குப் போடுகிற மாதிரியே கோடும் புள்ளிக்கோடும். இது ஜன்னல். காலை வெளிச்சம் இந்தப் பக்கம். மெஷின் இங்கே. மகள் படிப்பது இங்கே. அடுப்பு இங்கே, இப்போது வண்டியின் வால் இங்கே. மூவருடைய தலைச்சுற்றளவு, தோள், கை நீளம் எல்லாம் ஓரத்தில் குறித்தாள். ஆளைப் பற்றி எழுதும்போது அளவைக் குறிக்காமல் விட அவளுக்கு வராது. பசை இல்லாததால், தாளைப் படிவத்தோடு வைத்து மெஷினில் இரட்டைத் தையல் போட்டாள். ஆபீசர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் ஒரு பதிலும் இல்லை. முதல் மாதம் தபால்காரரைப் பார்த்தாலே தையலம்மா சந்துக்கு ஓடினாள். இரண்டாவது மாதம் ஓட்டம் நின்று பயம் வந்தது. மூன்றாவது மாதம் இரண்டு ஆட்கள் வந்து பின்னறைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோடு ஜன்னலுக்குக் குறுக்கே போனது. அவள் மெஷினுக்கு உறை தைத்தாள். வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமலேயே தைத்தாள்.

வண்டி வரும் நாளன்று ஆபீசர் புது விசிலோடு ரோட்டின் நடுவே நின்றார். சுவர் வேலை ஆட்கள் சம்மட்டியோடு பின்னறையில் நின்றார்கள். மாமியாரை வெளியே எடுத்து ஓரமாக நிறுத்தியிருந்தார் டிரைவர். ஆனால் வழக்கம்போல வண்டியின் பக்கத்தில் நிற்கவில்லை. உள்ளே வந்து, மெஷினுக்கு முன்னால், சம்மட்டிக்காரர்களைப் பார்த்தபடி நின்றார். தையலம்மா அதைக் கவனித்தாள்.

ரோட்டுக் கோடியில் ஒன்றும் தெரியவில்லை. ஆபீசர் எட்டிப் பார்த்தார். பிறகு பேக்கரிக்காரர் சிரிக்கும் சத்தம் கேட்டது. சிவப்பாக, மூன்று சக்கரத்தில், தலையில் ஒரு சின்ன மணியோடு, பத்தே அடி நீளத்தில் ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது. ஆபீசர் அதை வழி விடச் சொல்லி விசில் ஊதினார், பெரிய வண்டி பின்னால் வருகிறது என்று நினைத்து. பின்னால் ஒன்றும் வரவில்லை. மூன்று சக்கர வண்டியிலிருந்து மேலிடத்துக் கடைநிலை ஊழியர் ஒருவர் முழங்காலைப் பிரித்து எடுத்துக்கொண்டு இறங்கி, ஒரு கடிதத்தையும் மூன்று ஹெல்மெட்டுகளையும் நீட்டினார். கூரையின் கீழ் வண்டிக்குப் பன்னிரண்டு அடிதான் என்பதால் பத்தடி வண்டி. தங்குவோர் மூவர் என்பதால் மூன்று ஹெல்மெட். பழைய வண்டியைப் பக்கத்து ஊர் நிலையத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

"யாருங்க அந்த இணைப்பைத் தைச்சது?" என்று கேட்டார் ஊழியர். "எங்க ஆபீசுல இணைப்புன்னா மொத மேஜையிலயே கழண்டு விழுந்துடும். இது விழல. ஆறு மேஜையில பிச்சுப் பாத்தாங்க, பிய்யல. வேற வழியில்லாம படிச்சுட்டாங்க."

சுவர் வேலை ஆட்கள் தங்கள் உத்தரவை எடுத்துப் பார்த்தார்கள். அதில் சுவர் வேலை என்றுதான் இருந்தது. இடிப்பதா கட்டுவதா என்று இல்லை. வந்தது வந்தோம் என்று, மறுவாரத்துக்குள் போன சுவர்கள் இரண்டையும் கட்டிவிட்டார்கள். கொட்டகைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு கதவுகூட வைத்துக் கொடுத்தார்கள். புது வண்டிக்குத் தையலம்மா பேத்தி என்று பெயர் வைத்தாள். ஆறடி டிரைவர் அதில் உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொட்டது. ஆனால் எந்தச் சந்துக்குள்ளும் நுழைந்தது.

சுவர் காய்ந்த மறுநாள் காலை, எங்கேயும் தீப்பிடிக்காத ஒரு சாதாரணக் காலையில், கொட்டகையில் வண்டி நிற்கும்போதே தையலம்மா அடுப்பு மூட்டினாள். புகை கிளம்பிக் கூரை வழியாக வெளியே போனது. அந்த வீட்டில் வண்டி இருக்கும்போது புகை வந்து ஊர் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பேக்கரிக்காரர்தான் முதலில் கத்தினார், இந்தத் தடவை நிஜமாகவே பயந்து: "ஐயோ, ஸ்டேஷன்ல தீ!"

மணி அடித்தது. டிரைவர் பழக்க தோஷத்தில் பேத்தியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய், எங்கே தீ என்று கேட்டு, ஒரு சுற்றுச் சுற்றித் தன் கொட்டகைக்கே திரும்பி வந்து, குழாயோடு குதித்தார். முன்னால் கதவு. சாத்தியிருந்தது. முதல் சுவர் போனதிலிருந்து பதிமூன்று வருஷமாக இந்த வீட்டுக்குள் வர அவர் எதையும் தட்டியதில்லை.

தட்டினார்.

"யாரு?" என்றாள் உள்ளே இருந்து.

"ஃபயர் சர்வீஸ்."

"இங்க ஒண்ணும் பத்திக்கல. சமையல்."

வெளியே குழாயைச் சுருட்டி வைக்கும் சத்தம் கேட்டது. அவர் போய்விட்டார் என்று நினைத்து அவள் கரண்டியை எடுத்தாள். கதவு மறுபடியும் தட்டப்பட்டது. இந்த முறை மெதுவாக.

"உள்ள எத்தனை பேரு?" என்று கேட்டார் டிரைவர்.

தையலம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் இன்னும் நறுக்கவில்லை.

"ரெண்டு பேரு. ஒருத்தர் வெளிய நிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு, அடுப்பைத் தணித்து, கதவைத் திறக்கப் போனாள்.